ஹெட்லி வெரிட்டி: 10 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தவர், சிசிலியில் குண்டடிபட்ட கேப்டன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரிக்கெட் சாதனைப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் இந்தப் பெயரில் வந்து நிற்பார்கள். 10 ரன்னுக்கு 10 விக்கெட் என்பதைப் பார்த்து அசந்துபோவார்கள். அப்புறம் பக்கத்தில் 1905–1943 என்று இருப்பதைக் கவனித்து, '38 வயதுதானா, என்ன ஆயிற்று?' என்று கேட்பார்கள். அதன்பின் வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இவர்?

இங்கிலாந்துக்கும் யார்க்‌ஷயருக்கும் ஆடிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 40 டெஸ்டில் 144 விக்கெட். டெஸ்ட், கவுன்டி (மாவட்ட அணிகளின்) ஆட்டங்கள் போன்ற முதல்தரப் போட்டிகளில் 1,956 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 14.90. இந்த 1,956-ஐயும் 1930 முதல் 1939 வரையிலான பத்தே சீசன்களில் எடுத்தார் என்பதுதான் முக்கியம். அந்தப் பத்தில் ஏழு தடவை யார்க்‌ஷயர் கவுன்டி சாம்பியன். போர் தொடங்கியதும் கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1943 ஜூலையில் சிசிலியில் நடந்த சண்டையில் மார்பில் அடிபட்டு, எதிரிகளிடம் கைதியாகி, இத்தாலியில் கசெர்ட்டா என்ற ஊரின் மருத்துவமனையில் இறந்தார்.

சின்ன வயதிலேயே பெரிய ஆளா?

இல்லை, அதுதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்த விஷயம். 1905 மே 18 அன்று லீட்ஸ் நகரத்தில், ஹெடிங்லி மைதானத்துக்குப் பக்கத்திலேயே பிறந்தவர். அப்பா நிலக்கரி வியாபாரி. பிறந்தது மைதானத்துக்கு அருகில் என்றாலும் அந்த மைதானத்துக்குள் யார்க்‌ஷயர் தொப்பியோடு நுழைய 25 வயது ஆகிவிட்டது. ஆரம்பத்தில் வீசியது மிதவேகம். லங்காஷயர் பக்கத்து லீக் கிளப்களில் சம்பளத்துக்கு ஆடினார். வார்விக்‌ஷயர் கவுன்டி சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. யார்க்‌ஷயரில் வில்ஃப்ரட் ரோட்ஸ் என்ற மாபெரும் இடதுகைச் சுழல்வீரர் ஐம்பது வயதைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தார். அவர் விலகினால்தான் இடம். அதனால் வேகத்தைக் குறைத்து, சுழலுக்கு மாறி, மணிக்கணக்கில் வலைப்பயிற்சி செய்து காத்திருந்தார். 1930-இல் ரோட்ஸின் கடைசி சீசனில் வாய்ப்பு கிடைத்தது. அந்த முதல் சீசனிலேயே இங்கிலாந்து முழுவதற்குமான பந்துவீச்சு சராசரியில் முதலிடம்.

அடுத்த ஆண்டு தன் 26-ஆவது பிறந்தநாளன்று ஹெடிங்லியில் 36 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தார். எதிரணி எது தெரியுமா? அவரை வேண்டாம் என்று அனுப்பிய அதே வார்விக்‌ஷயர்.

எப்படிப்பட்ட பந்துவீச்சு? இன்றைக்கு யாரைப் போல?

யாரைப் போலவும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் வீசிய மாதிரியான ஆடுகளமே இன்று இல்லை. நல்ல உயரம். பந்தை வீசுவதற்கு முன் ஓடிவருவது சுழல்வீரர்களுக்கு வழக்கமானதைவிட நீளம், நிதானம். பந்தின் வேகமும் கொஞ்சம் கூடுதல்தான், கிட்டத்தட்ட மிதவேகத்தைத் தொடும். காய்ந்த பிட்ச்சில் பெரிதாகத் திருப்ப முயல மாட்டார். லெங்த்தை (பந்து குத்தும் இடத்தை) பிசகாமல் வைத்துக்கொண்டு பேட்ஸ்மேனை நாள் முழுக்கக் கட்டிப்போடுவார். நடுவில் ஒரு வேகமான பந்து கால் அருகே விழும்.

மழை பெய்தால் கதை வேறு. அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு பிட்ச்சை மூடும் வழக்கம் கிடையாது. நனைந்த களிமண் மேல் வெயில் பட்டதும் மேல்தோல் மட்டும் இறுகும், அடியில் ஈரம் இருக்கும். பந்து மேலே குத்தியதும் மண்ணைப் பிடித்துக்கொண்டு கூர்மையாகத் திரும்பும், சில பந்து மார்புக்கு எகிறும், பக்கத்திலேயே விழுகிற அடுத்த பந்து முழங்காலுக்குமேல் வராது. அந்த மாதிரி நாளில் அவர் அளவு உயரமும் வேகமும் துல்லியமும் உள்ள ஒருவரை எதிர்கொள்வது என்பது சாத்தியமே இல்லாத வேலை. அதே சமயம் 'மழை பெய்தால் யார் வேண்டுமானாலும் எடுத்திருப்பார்கள்' என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மழை எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் பொதுவாகத்தான் பெய்தது. ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் இரண்டு தடவை எடுத்தவர்கள் மிகச் சிலர்.

அந்த 10 ரன்னுக்கு 10 விக்கெட் உண்மையா? முழு விவரம் என்ன?

உண்மை. 1932 ஜூலை 12, ஹெடிங்லி, நாட்டிங்ஹாம்‌ஷயருக்கு எதிராக. 19.4 ஓவர், 16 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 10 ரன், 10 விக்கெட். முதல்தரக் கிரிக்கெட்டில் இதுவரை யாரும் இதை முந்தவில்லை.

ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால் தெரியாத ஒரு விஷயம், யார்க்‌ஷயர் அந்த ஆட்டத்தில் பின்தங்கி இருந்தது. நாட்டிங்ஹாம்‌ஷயர் முதலில் 234. யார்க்‌ஷயர் 163-க்கு 9 விக்கெட் இழந்திருந்தபோது இடிமழை பிட்ச்சை நனைத்துவிட்டது. 71 ரன் பின்னால் இருந்தும் அணித்தலைவர் பிரையன் செல்லர்ஸ் அதே ஸ்கோரில் டிக்ளேர் செய்தார், அதாவது இன்னிங்ஸை அத்தோடு முடித்துக்கொண்டார். கடைசி விக்கெட்டுக்கு நாலு ரன் சேர்ப்பதைவிட, பிட்ச் இந்த நிலையில் இருக்கும்போதே எதிரணியை உள்ளே இறக்குவது மேல் என்று கணக்குப் போட்டார்.

மதிய உணவு வேளையில் நாட்டிங்ஹாம்‌ஷயர் விக்கெட் இழக்காமல் 38. வெரிட்டி வீசிக்கொண்டிருந்தார், அவர் பந்தில் ரன்னும் வரவில்லை விக்கெட்டும் விழவில்லை. சாப்பிட்டுத் திரும்பி வந்த பிறகு 44-இல் முதல் விக்கெட். 63-க்கு 3 என்று இருந்த அணி 67-க்கு எல்லாரும் அவுட். கடைசி ஏழு விக்கெட்டுகள் அவருடைய 15 பந்துகளில் விழுந்தன, அதில் ஒரு ஹாட்ரிக்கும் உண்டு. அப்புறம் 139 ரன் இலக்கை தொடக்க ஆட்டக்காரர்கள் ஹோம்ஸும் சட்க்ளிஃபும் விக்கெட் எதுவும் விழாமல் அடித்து முடித்தார்கள். அதே நாளில், அதே மைதானத்தில். நிதானமாக ஆடினால் நிற்கக்கூடிய பிட்ச்தான் என்பதற்கு இந்த 139-ஐவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவையில்லை.

பிராட்மனை அதிகத் தடவை அவுட் செய்தவர் இவர்தானா?

டெஸ்டில் ஆம், ஆஸ்திரேலியாவின் மாபெரும் பேட்ஸ்மேன் டான் பிராட்மனை எட்டு தடவை. வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. மற்றவர்களை எப்படி ஆடுவது என்று ஓரளவு தெரிந்துகொண்டுவிட்டதாகவும் வெரிட்டியிடம் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை என்றும் பிராட்மனே பேசியிருக்கிறார்.

இதில் உச்சம் 1934 லார்ட்ஸ் டெஸ்ட். இங்கிலாந்து 440. சனிக்கிழமை மாலை ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 192 என்று வசதியாக இருந்தது. ஞாயிறு ஓய்வு நாள், மழை. திங்கட்கிழமை ஒரே நாளில் வெரிட்டி 14 விக்கெட் எடுத்தார். ஃபாலோ ஆனை (உடனே மறுபடி பேட் செய்ய வேண்டிய நிலையை) தவிர்க்க ஆஸ்திரேலியாவுக்கு வெறும் ஏழு ரன் குறைந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் பிராட்மன் 13 ரன்னில், பொறுமை இழந்து தூக்கி அடித்து விக்கெட்கீப்பர் ஏம்ஸிடம் கேட்ச். ஆட்டம் முழுவதற்கும் வெரிட்டியின் கணக்கு 104 ரன்னுக்கு 15. லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து அடுத்து வென்றது 2009-இல்தான், அதாவது 75 ஆண்டு கழித்து.

பாடிலைன் தொடரில் இருந்தாரே, அந்தச் சர்ச்சையில் பங்கு உண்டா?

1932–33 ஆஸ்திரேலியத் தொடரில் இருந்தார், நான்கு டெஸ்ட் ஆடி 11 விக்கெட் எடுத்தார். பாடிலைன் என்றால் பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்து வீசுவது. அப்படி வீசியது லார்வுட் போன்ற வேகப்பந்து வீச்சாளர்கள். அவர்களுக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் ஒரு முனையை அடைத்து வைத்திருப்பது இவர் வேலை. அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் மீது அவருக்கு இருந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை. இளைய மகனுக்கு டக்ளஸ் என்றே பெயர் வைத்தார், மூத்தவன் பெயர் ரோட்ஸின் நினைவாக வில்ஃப்ரட். ஜார்டினை வில்லனாக மட்டுமே படித்து வளர்ந்த நமக்கு இது இடிக்கும்தான். தன் அணியில் இருந்த, தொழில்முறையாக ஆடிய, பணக்காரர் அல்லாத ஒருவர் அவரிடம் இவ்வளவு பற்று வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் ஜார்டினை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

சேப்பாக்கத்தில் ஆடியிருக்கிறாரா?

ஆடியிருக்கிறார், அதுவும் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டிலேயே. 1934 பிப்ரவரி, சி.கே. நாயுடு தலைமையிலான இந்திய அணிக்கு எதிராக. அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 335-இல் நிறுத்தினார், அது அருமையான பந்துவீச்சு. ஆனால் பதிலுக்கு வெரிட்டி 49 ரன்னுக்கு 7. இந்தியா 145. இரண்டாவது இன்னிங்ஸிலும் நாலு விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 202 ரன் வித்தியாசத்தில் வென்றது. மூன்று டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் அவருக்கு 23 விக்கெட். சேப்பாக்கம் என்றாலே சுழல் என்ற பேச்சு இன்றுவரை நடக்கிறது. அந்தப் பேச்சில் வெரிட்டி பெயர் வருவதே இல்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

பேட்டிங் வருமா?

வரும். டெஸ்ட் சராசரி 20-க்கு மேல். 1937-இல் அடிலெய்டில் தொடக்க ஆட்டக்காரராகவே இறக்கப்பட்டார்.

கடைசியாக ஆடியது எப்போது?

1939 செப்டம்பர் 1, ஹோவ் மைதானம், சசெக்ஸுக்கு எதிராக. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த நாள் அது. மற்ற ஆட்டங்கள் பலவும் ரத்தாகிக்கொண்டிருந்தன. இந்த ஆட்டம் நடந்ததற்குக் காரணம், சசெக்ஸ் வீரர் ஜிம் பார்க்ஸுக்கு உதவி நிதி திரட்டும் ஆட்டம் அது. நின்றுபோனால் அவருக்கு வர வேண்டிய பணம் போய்விடும் என்று யார்க்‌ஷயர் வீரர்கள் தொடர்ந்து ஆட ஒப்புக்கொண்டார்கள். இரவு மழை, காலையில் வெயில். வெரிட்டி ஆறு ஓவர் வீசி 9 ரன்னுக்கு 7 விக்கெட், சசெக்ஸ் 33-க்கு ஆல் அவுட். அன்றே அணி பஸ்ஸில் வடக்கே கிளம்பியது. விளக்கணைப்பு உத்தரவு அமலில் இருந்ததால் இரவு லெஸ்டரில் தங்கி, மறுநாள் லீட்ஸ் நகரச் சதுக்கத்தில் இறங்கி அவரவர் வீட்டுக்குப் பிரிந்து போனார்கள். அதற்கு மறுநாள் பிரிட்டன் போரில் இறங்கியது.

ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டாரா?

இல்லை, தானாகவே போனார். அதிலும் அவசரத்தில் எடுத்த முடிவு கிடையாது. 1938-இல் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை மிரட்டி மியூனிக் நெருக்கடி வந்தபோதே போர் வரத்தான் போகிறது என்று நினைத்து, கிரீன் ஹோவர்ட்ஸைச் சேர்ந்த கர்னல் ஆர்னால்ட் ஷா என்பவரிடம் யோசனை கேட்டார். அவர் ராணுவப் பயிற்சிக் கையேடுகளைக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்குப் போன கிரிக்கெட் பயணத்தில் அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார் வெரிட்டி. டர்பனில் பத்து நாள் நடந்தும் முடிவு தெரியாத டெஸ்ட் நடந்ததே, அந்தப் பயணம்தான். அந்த ஒரே ஆட்டத்தில் அவர் வீசியது 766 பந்து.

பேட்ஸ்மேனை எப்படிப் படிப்பாரோ அதே மாதிரிதான் போரையும் படித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 34 வயது, மனைவி, இரண்டு சின்னப் பையன்கள், ஆட்டத்தில் உச்சம். உடற்பயிற்சி ஆசிரியர் மாதிரி ஆபத்தில்லாத வேலையைக் கேட்டு வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ காலாட்படையைத் தேர்ந்தெடுத்தார். படிப்படியாக கேப்டன் பதவிக்கு உயர்ந்து ஒரு கம்பெனிக்கு (பட்டாலியனின் ஒரு பிரிவுக்கு) தலைமை ஏற்றார். 'கேப்டன் வெரிட்டி' என்று படித்துவிட்டு அவர் யார்க்‌ஷயர் அணித்தலைவர் என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களைத் தலைவராக்கும் வழக்கமே அன்றைய கவுன்டிகளில் கிடையாது. கிரிக்கெட்டில் கிடைக்காத தலைமைப் பொறுப்பு அவருக்கு ராணுவத்தில்தான் கிடைத்தது.

போர்க்காலத்தில் மறுபடி இந்தியா வந்தாரா?

ஆமாம். 1942-இல் அவருடைய பட்டாலியன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. ராஞ்சியில் இருந்தபோது வயிற்றுக்கடுப்பு வந்து மோசமாகப் படுத்துவிட்டார். அப்புறம் பாரசீகம், சிரியா, எகிப்து என்று போய் அங்கிருந்து சிசிலி.

சிசிலியில் என்ன நடந்தது?

1943 ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 19 இரவு, கட்டானியா சமவெளியில் ஜெர்மானியர்களின் நிலைகள்மீது தாக்குதல். வெரிட்டியின் பி கம்பெனி இருட்டில், இடுப்பளவு விளைந்து நின்ற வயலுக்குள் நகர்ந்தது. எதிரில் இருந்து இயந்திரத் துப்பாக்கிச் சூடு, மோர்ட்டார் குண்டுகள். தீக்குண்டுகள் பட்டு, காய்ந்த பயிர் பற்றி எரியத் தொடங்கியது, அந்த வெளிச்சத்தில் ஆட்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். முன்னால் இருந்த பண்ணை வீட்டில் இருந்துதான் சூடு வந்தது. அதைப் பிடிக்க ஒரு பிரிவை அனுப்பிவிட்டு முன்னேறும்போது அவருக்கு மார்பில் அடிபட்டது. விழுந்த பிறகும் அவர் சொன்னது, நிற்காமல் போங்கள், அவர்களை அந்தப் பண்ணை வீட்டில் இருந்து வெளியேற்றுங்கள் என்பதுதான். தாக்குதல் பலிக்கவில்லை, கம்பெனி பின்வாங்க வேண்டியதாயிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அவருடைய உதவியாளரான சிப்பாய் மட்டும் விட்டுப் போகாமல் கூடவே இருந்தார். இருவரும் கைதானார்கள்.

களத்திலேயே இறந்தார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தார். ஜெர்மானியர்களின் கள மருத்துவமனையில் சிகிச்சை, பிறகு கடல் தாண்டி இத்தாலியின் பெருநிலத்துக்கு, அங்கிருந்து சரக்கு ரயிலில் நேப்பிள்ஸ் பக்கம். மார்பில் காயத்தோடு ஜூலை மாத வெயிலில் அந்தப் பயணம். கசெர்ட்டா மருத்துவமனையில், நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்த விலா எலும்பின் ஒரு பகுதியை எடுக்க அறுவை சிகிச்சை செய்தார்கள். முதலில் தேறுவது போல இருந்தது. பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டு, திரும்பத் திரும்ப வந்து, ஜூலை 31 அன்று இறந்தார். எதிரியின் கையில் இருந்தும் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

வீட்டுக்கு எப்போது தெரிந்தது?

முதலில் வந்த தகவல், காயமடைந்து காணாமல் போனார் என்பது மட்டும்தான். கிரிக்கெட் ரசிகர்களும் குடும்பமும் நல்ல செய்தி வரும் என்று காத்திருந்தார்கள். இறந்தது உறுதியானது செப்டம்பர் 1 அன்று, ஹோவில் கடைசி ஆட்டம் முடிந்து சரியாக நான்கு ஆண்டு கழித்து. யார்க்‌ஷயரில் இன்னொரு முனையில் இருந்து வீசிய நெருங்கிய நண்பர் பில் பவுஸ் அந்தச் சமயத்தில் இத்தாலியில் போர்க்கைதி, செய்தி அவரை எட்டியது முகாமுக்குள்தான்.

கல்லறை எங்கே? பார்க்க முடியுமா?

கசெர்ட்டா போர்க் கல்லறைத் தோட்டத்தில், நேப்பிள்ஸில் இருந்து கொஞ்ச தூரம் வடக்கே. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் பராமரிக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். 1954-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர்கள் நேப்பிள்ஸில் இறங்கி அங்கே போனார்கள். அணித்தலைவர் லென் ஹட்டன் யார்க்‌ஷயர் அணியின் டையை அந்தக் கல்லில் வைத்துவிட்டு வந்தார்.

இவரைப் போல வேறு யார்?

இங்கிலாந்து டெஸ்ட் வீரர்களிலேயே கென் ஃபார்ன்ஸ் 1941-இல் விமானப்படைப் பயிற்சியில், மாரிஸ் டர்ன்புல் 1944-இல் நார்மண்டியில். வெரிட்டியோடு அதே யார்க்‌ஷயர் அணியில் ஆடிய ஜார்ஜ் மெக்காலே 1940-இல் விமானப்படையில் இருந்தபோது நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

என்னை அதிகம் பாதிக்கும் ஒற்றுமை முதல் உலகப் போரோடு வருகிறது. ஒரே நாளில் 17 விக்கெட் எடுத்தவர்கள் முதல்தரக் கிரிக்கெட்டில் மூன்றே பேர். 1907-இல் கென்ட் அணியின் காலின் பிளைத், 1933-இல் எசெக்ஸுக்கு எதிராக வெரிட்டி, 1939-இல் டாம் கோடார்ட். பிளைத்தும் வெரிட்டி போலவே இடதுகைச் சுழல், அவரும் 38 வயதில்தான் போனார், 1917 நவம்பரில் பெல்ஜியத்தில் பாஷண்டேல் பக்கத்தில் குண்டு வெடித்து.

போர் வராமல் இருந்திருந்தால்?

2,000 விக்கெட்டை 1940 சீசனின் முதல் மாதத்திலேயே தொட்டிருப்பார், அதில் சந்தேகமே வேண்டாம். உயிரோடு திரும்பியிருந்தால் 1946-இல் 41 வயது, ஆடியிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடிந்திருக்கும் என்பதற்கு என்னிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த சீசனில் யார்க்‌ஷயரில் அவர் இடத்தில் வீசியவர் ஆர்தர் பூத், வெரிட்டி இருந்த காலமெல்லாம் அணியில் நிலைக்க முடியாமல் வெளியே நின்றவர், வெரிட்டியைவிட மூத்தவர். அவர் 43 வயதில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்து, நாட்டின் பந்துவீச்சு சராசரியில் முதலிடம் பிடித்தார். அடுத்த குளிர்காலத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியா போனது. பிராட்மனும் போருக்குப் பின் உடல்நலம் சரியில்லாமல், ஆடலாமா வேண்டாமா என்ற யோசனையோடுதான் அந்தத் தொடருக்குள் வந்தார். வெரிட்டி இல்லாத அந்தப் பந்துவீச்சுக்கு எதிராக அவர் எடுத்தது 680 ரன், சராசரி 97.